ஓட்டாஞ்சில்லில் ஐந்து வரி

கீழக்கரை ஜுலைஹா பீவிக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அதில் அவள் கணவனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தது பதினேழு மாதம். கௌஸ் முகைதீன் ஷார்ஜாவிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். பிள்ளை இல்லை. ஊர்ப் பெண்கள் சிலர் அவளைப் பரிதாபமாகப் பார்ப்பதுண்டு. அவளுக்கு எரிச்சல்தான் வரும். "மாப்புள்ள அங்க, நான் இங்க. புள்ள என்னா தபால்லயா வரும்?" என்று நேராகவே கேட்டுவிடுவாள்.

1997இல் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, மூன்று மாத விசிட் விசாவில் அவளை வரவழைத்தார் கௌஸ் முகைதீன். முவைலாவில் லேபர் கேம்புகளை ஒட்டி அவருக்கு ஒரு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அரிசி மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார். மனைவியை நிரந்தரமாகக் கூட வைத்துக்கொள்ள அரசாங்கம் கேட்கும் சம்பளம் அவருடைய காகிதத்தில் இல்லை. மே மாதம் பதினான்காம் தேதி அவள் விமானம் ஏறியாக வேண்டும். அவள் பெயரிலேயே ஒரு வேலை விசா கிடைத்தால் மட்டும் இருக்கலாம்.

ஜுலைஹாவுக்கு வேலை என்று எதுவும் தெரியாது. ஓதத் தெரியும், எழுதத் தெரியும். கீழக்கரையில் பெண்பிள்ளைகளுக்கான ஓதல் பள்ளியில் மரப்பலகையில் கலம் என்ற நாணல் பேனா பிடித்து எழுதிப் பழகியவள். கணவனுக்குக் கடிதமே அரபுத்தமிழில்தான் எழுதுவாள். மொழி தமிழ், எழுத்து அரபு. அவர் ஷார்ஜாவில் எட்டுப் பேரோடு ஒரே ரூமில் இருந்த காலத்தில், கடிதம் யார் கையில் சிக்கினாலும் படிக்க முடியாது என்பது ஒரு வசதி.

வந்த இரண்டாவது வாரம் சும்மா இருக்கப் பிடிக்காமல் கடையின் விலை அட்டைகளை அரபியில் எழுதித் தொங்கவிட்டாள். பருப்பு, மிளகாய், சோப்பு. கடை லைசென்சுக்குச் சொந்தக்காரரான அர்பாப் ஒருநாள் வந்தவர், அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யார் எழுதினது?"

"பீவி, அர்பாப். வீட்டுல உள்ளவங்க," என்றார் கௌஸ் முகைதீன், ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல.

அர்பாப் முத்து வியாபாரக் குடும்பம். ரோலா பக்கத்தில் தன் தகப்பனாரின் பழைய வீட்டைச் சின்ன மியூசியமாக ஆக்கியிருந்தார். ஏப்ரலில் அங்கே ஒரு கண்காட்சி. பழைய காலத்தில் ஜனங்கள் எழுதப் படிக்க எப்படிக் கற்றார்கள் என்பதுதான் விஷயம். நகல் எழுத ஒரு நல்ல கை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். "வந்து எழுதிப் பார்க்கட்டும். கண்காட்சி திறக்கிற அன்றைக்கு விசா பேப்பரில் கையெழுத்துப் போடுகிறேன்," என்றார்.

அப்படித்தான் ஜுலைஹா பீவி கிரேக்கம் எழுதப் போனாள்.

*

கண்காட்சியின் கிரேக்கப் பகுதிக்குப் பொறுப்பு இரீனி. எகிப்துக்காரி, கிப்திக் கிறிஸ்தவப் பெண், முப்பது வயது இருக்கும். முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதால் எல்லோரும் அவளை 'தொக்தூரா' என்றார்கள். அவளுடைய எகிப்து அரபியும் ஜுலைஹாவின் உடைந்த அரபியும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு பேரும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள்.

முதல் நாள் இரீனி பஞ்சு வைத்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு ஓட்டாஞ்சில்லு. உடைந்த ஜாடியின் துண்டு. செம்மண் நிறம், மேலே கறுப்பு மையில் ஐந்து வரி. அர்பாபின் தகப்பனார் கெய்ரோவில் வாங்கி, சாகும்வரை மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தாராம்.

"ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேலே இருக்கும். ஒரு பிள்ளையின் பாடம்," என்றாள் இரீனி. "முதல் வரி வாத்தியார் எழுதியது. கீழே நாலு வரியும் பிள்ளை பார்த்து எழுதியது. 'ஆண்டவரே, உம் அடிமைக்கு உதவும்' என்று அர்த்தம்."

"கடுதாசி இல்லையா?"

"பாப்பிரஸ் என்ற புல் காகிதம் இருந்தது, விலை அதிகம். படிக்கிற பிள்ளைக்கு உடைந்த பானை போதும். காசில்லாமல் கிடைக்கும்."

கண்காட்சிக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்ப்பதற்காக இதேபோல் பன்னிரண்டு நகல் வேண்டும். புகைக்கரியும் பிசினும் கலந்து மை காய்ச்சினார்கள். நாணலைச் சீவிக் கலம் செய்வதை ஜுலைஹாவே பார்த்துக்கொண்டாள். ஓடு செய்து கொடுப்பது சேதுபதியின் பொறுப்பு. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், மியூசியத்தின் தச்சன். கொல்லையில் மண்தொட்டிகளை அடுக்கி வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி உடைப்பான், அரத்தால் ஓரம் தேய்ப்பான்.

"நம்ம ஊர்ல பானைய ஒடச்சா வெளக்கமாத்தால அடிப்பாக. இங்கிட்டுப் பாருங்கக்கா, ஒடைக்கத்தான் சம்பளம்."

"பாத்து ஒடைங்க தம்பி. மண்டையில சில்லு தெறிச்சா அதையும் மியூசியத்துல வச்சுருவாங்க."

எழுதுவதற்கு முன்னால் எழுத்து தெரிய வேண்டும் என்று இரீனி பிடிவாதமாகச் சொன்னாள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்த முறையிலேயே சொல்லிக் கொடுத்தாள். முதலில் ஆல்பாவிலிருந்து ஒமேகா வரை. அப்புறம் கடைசியிலிருந்து முதலுக்கு. அப்புறம் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் சேர்த்து, இரண்டாவதையும் கடைசிக்கு முந்தினதையும் சேர்த்து. எழுத்து தண்ணீராக ஓட ஆரம்பித்த பிறகுதான் கூட்டு. "பீட்டா ஆல்பா பா. பீட்டா எப்சிலான் பெ. பீட்டா அயோட்டா பி."

ஜுலைஹா கலத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அலிபு ஸபர் அ, அலிபு ஸேர் இ, அலிபு பேஷ் உ! தொக்தூரா, இதத்தான் நாங்க ஆறு வயசுல கத்துவோம். தெருமுனை வரைக்கும் கேக்கும்."

அதற்கப்புறம் பாடம் வேகமாக நடந்தது. ஓட்டில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இல்லை, எழுத்துகள் ஒரே சங்கிலியாகப் போயின. வாய்விட்டுப் படித்தால்தான் வார்த்தை எங்கே முடிகிறதென்று காதுக்குப் பிடிபடும் என்றாள் இரீனி. வாய்விட்டுப் படிப்பதில் ஜுலைஹாவுக்கு என்ன கஷ்டம்? கொல்லை வரைக்கும் கேட்கிற குரலில் ஓதினாள். சேதுபதி சுத்தியலை நிறுத்திவிட்டு, "என்னக்கா, மந்திரமா?" என்றான்.

"அந்தப் புள்ளைக்கு இது புரிஞ்சிருக்குமா?" என்று ஒருநாள் கேட்டாள் ஜுலைஹா.

"முதலில் புரிந்திருக்காது. வீட்டில் பேசியது எகிப்து மொழி. கிரேக்கம் படிப்பில் மட்டும்தான்," என்றாள் இரீனி. "அப்புறம் எகிப்து மொழியையே கிரேக்க எழுத்தில் எழுத ஆரம்பித்தார்கள். கிரேக்கத்தில் இல்லாத சத்தங்களுக்குச் சில எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள்."

"எங்க அரபுத்தமிழ் மாதிரியேதான். ங, ப, ளவுக்கெல்லாம் நாங்க புள்ளி போட்டுத் தனி எழுத்து வச்சிருக்கோம்." ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். இரீனி அந்தக் காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜுலைஹாவுக்குக் குர்ஆனை முழுக்க ஓதத் தெரியும். சிலவற்றைத் தவிர அர்த்தம் தெரியாது. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதில்லை. முன்னால் இருக்கும் எழுத்து சரியானது என்ற நம்பிக்கை இருந்தது, நாக்கு ஓடியது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்று இரீனிக்குத் தெரியவில்லை. பெண்களும் கொஞ்சப் பேர் படித்திருக்கிறார்கள் என்றாள். ஜுலைஹா பெண்பிள்ளை என்றே வைத்துக்கொண்டாள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அவள் எழுதிய முதல் நகல்களை இரீனி ஒதுக்கித் தள்ளினாள். ஐந்து வரியும் அச்சு மாதிரி இருந்தன. "பாருங்கள். இந்தப் பிள்ளை இரண்டாவது வரியை வாத்தியாரைப் பார்த்து எழுதியிருக்கிறது. மூன்றாவதைத் தன் இரண்டாவது வரியைப் பார்த்து. நாலாவதை மூன்றாவதைப் பார்த்து. மேலே நிமிர்ந்தே பார்க்கவில்லை. கீழே வர வர வரி சரிகிறது, எழுத்து வீங்குகிறது. நீங்கள் வாத்தியார் மாதிரியே எழுதுகிறீர்கள்."

நன்றாக எழுதக் கற்றவளுக்கு மோசமாக எழுத வரவில்லை. கடைசியில் முதல் வரியை வலது கையாலும் மற்ற நான்கை இடது கையாலும் எழுதிப் பார்த்தாள். நாற்பது, ஐம்பது சில்லுகள் வீணாயின. அந்தப் பிள்ளை எந்த இடத்தில் மையைத் தொட்டாள், எந்த இடத்தில் கை வழுக்கியது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆயிற்று.

ஒரு விஷயம் மட்டும் அவள் மனதில் தனியாக நின்றது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்து, மேலே ஒரு கோடு. ஆண்டவர் என்ற சொல்லை முழுதாக எழுதாமல், முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் எழுதிக் கோடு போடுவது கிறிஸ்தவர்களின் வழக்கமாம், மரியாதைக்காக.

"ரப்புடைய பேரா?" என்றாள் ஜுலைஹா.

"ஆமாம். ரப்புதான்."

அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். "எழுதுறதுக்கு முன்னால தொழுகைக்குச் செய்யிற மாதிரி கை கால் கழுவி ஒலூ செஞ்சுக்கலாமான்னு இருக்கு மச்சான்."

"கிறிஸ்தவங்க எழுத்துக்கா?"

"பேரு அவனுடையதுதானே?"

கௌஸ் முகைதீன் யோசித்துவிட்டு, "செஞ்சுக்க. தண்ணிக்கா பஞ்சம், டேங்கர் நாளைக்கு வருது," என்றார்.

*

கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. பன்னிரண்டு நகலும் தயார், இரீனி ஒத்துக்கொண்டாள். அன்று காலை ராஜிக் என்ற போட்டோக்காரர் கண்காட்சிப் புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்தார். அசல் சில்லைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேஜையில் நகல்களோடும் வீண் சில்லுகளோடும் சேர்த்து வைத்துப் பல கோணத்தில் படம் எடுத்துவிட்டுப் போனார். இரீனிக்கு துபாய் அச்சகத்தில் வேலை. அவசரத்தில் கிளம்பினாள். பெட்டி மூடியிருந்தது. அதனால் சில்லு உள்ளேதான் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மத்தியானம் சேதுபதி அறையைச் சுத்தம் செய்ய வந்தான். மேஜையில் கிடந்த வீண் சில்லுகளையும் வாளியில் இருந்தவற்றையும் சேர்த்துக் குப்பை வண்டிக்குக் கொண்டுபோகக் கிளம்பினான்.

"தம்பி, நில்லுங்க. இத எங்க கொண்டு போறீங்க?"

"குப்பைக்குத்தான்."

"அதுல பேரு இருக்கு."

"யாரு பேரு?"

"ரப்புடைய பேரு. எல்லாத்துலயும் அஞ்சு தடவ இருக்கு. சோத்துக் கழிவோட சேத்துப் போடுவீங்களா?"

சேதுபதி வாளியைக் கீழே வைத்தான். அவன் ஊரில் சாமிப்படம் போட்ட காலண்டர் அட்டையைக் குப்பையில் போடமாட்டார்கள், கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள். அவனுக்கு அது புரிந்தது. "இங்கிட்டு ஆத்துக்கு எங்கக்கா போறது?"

ஓதல் பள்ளியில் பாடம் முடிந்த பலகையைத் துடைக்கமாட்டார்கள், கழுவுவார்கள். அந்தத் தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்றுவார்கள். ஜுலைஹா சிறு வயதில் ஆயிரம் தடவை செய்த வேலை. ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து, கொல்லையில் இருந்த பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சில்லாக முக்கிக் கட்டைவிரலால் தேய்த்தாள். பிசின் கலந்த மை லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கத்தான் கரைந்தது.

முப்பதாவதோ முப்பத்தைந்தாவதோ சில்லு. விரல் பட்டதுமே மை புகைபோலப் பிரிந்து போயிற்று. இது என்ன இவ்வளவு சுலபமாக என்று நினைத்தபடி திருப்பினாள். பின்பக்கம் வழுவழுவென்று கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. ஜாடி ஒழுகாமல் இருக்க உள்ளே தார் பூசுவார்கள் என்று இரீனி காட்டியிருந்தாள். சேதுபதி உடைத்த மண்தொட்டிகளில் தார் கிடையாது.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சில் குழி மட்டும் இருந்தது.

*

சேதுபதிதான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா, ஓடு அதே ஓடு. எழுத்து ஒங்க கையில இருக்கு. காயவச்சுத் திரும்ப எழுதிப் பெட்டிக்குள்ள வையிங்க. அந்தம்மாவுக்கே தெரியாது."

தெரியாதுதான். ஜுலைஹா அதை அவனுக்கு முன்பே நினைத்துவிட்டாள். ஓட்டை வெயிலில் வைத்தாள். காய்ந்தபோது வரிகள் இருந்த இடத்தில் மங்கலான நிழல் தெரிந்தது. அதன்மேலேயே எழுதலாம், வழிகாட்டக் கோடு கூட வேண்டாம். கலத்தைச் சீவினாள். மையைத் தொட்டாள். இடது கைக்கு மாற்றினாள். பிறகு கலத்தைக் கழுவி வைத்துவிட்டு, ஓட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கௌஸ் முகைதீன் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் சொன்னதைக் கேட்டார். முழுவதையும் கேட்டார்.

"சொல்ல வேணாம்னு நான் சொல்லல," என்றார் கடைசியில். "பத்து நாள் பொறு. அர்பாப் கையெழுத்துப் போடட்டும், விசா கையில வரட்டும். அப்புறம் சொல்லு. அதுவரைக்கும் எழுதி வச்சா என்னா?"

"அந்தப் பத்து நாளும் தொக்தூரா அதப் பாத்துப் படிப்பா மச்சான். வர்றவங்களுக்குப் பாடம் சொல்வா. என் கிறுக்கல அந்தப் புள்ள எழுதுனதுன்னு நெனச்சு."

"படிச்சா என்னா ஆகிப் போவும்?"

"நான் அர்த்தம் தெரியாம ஓதுறவ. எனக்கு முன்னால இருக்குற எழுத்த நம்பித்தான் ஓதுறேன். அத யாராவது அழிச்சுட்டுத் திரும்ப எழுதி வச்சிருந்தா?"

அவர் பின் அறைக்குப் போனார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினஞ்சு வருஷம் ஜுலைஹா," என்றார்.

"தெரியும்."

"நானும் வரவா நாளைக்கு?"

"கடைய யாரு பாப்பா? நீங்க இருங்க."

*

மறுநாள் காலை இரீனி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஜுலைஹா சொல்லிவிட்டாள். இரீனி பெட்டியைத் திறந்தாள். ஓட்டைச் சன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதாளா இல்லையா என்று ஜுலைஹாவுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதி வைத்திருக்கலாமே," என்றாள் இரீனி. "நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்."

"அதனாலதான் எழுதல."

அர்பாப் மத்தியானம் வந்தார். முதலில் இரீனியிடம் கேட்டார், பெட்டியை யார் பூட்ட வேண்டும் என்று. இரீனி, "நான்தான்," என்றாள். பிறகு ஜுலைஹாவிடம் திரும்பினார்.

"ஏன் கழுவினாய்?"

"குப்பைக்குப் போக இருந்தது, அர்பாப். அதில் ரப்புடைய பெயர் இருந்தது."

"இது என் வாப்பாவின் மேஜையில் முப்பது வருஷம் இருந்தது."

அர்பாப் ஓட்டைக் கையில் வைத்து, தகப்பனார் பிடித்திருப்பார் என்று தோன்றுகிற விதத்தில், பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "கலாஸ், முடிந்தது," என்றார். "இனிமேல் நீ இங்கே பேனாவைத் தொடக்கூடாது." போய்விட்டார்.

விசாவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கௌஸ் முகைதீன் மே பதினான்காம் தேதிக்கு டிக்கெட்டை உறுதி செய்தார். ஜுலைஹா பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

கண்காட்சி சொன்ன தேதியில் திறந்தது. இரீனி வெறும் ஓட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள். பக்கத்தில் ராஜிக் எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினாள். கீழே இரண்டு வரி: எழுத்து 1997 மார்ச்சில் தவறுதலாகக் கழுவப்பட்டது, படம் அதே நாள் காலை எடுக்கப்பட்டது. அர்பாப் அந்த அட்டையை எடுக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டு நகலும் மேஜையில் இருந்தன. அவற்றை எழுதியவர் யார் என்று எங்கும் இல்லை.

மே ஆறாம் தேதி அர்பாபின் விசாக் காகித வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. கடைக்கு வந்து ஜுலைஹாவின் பாஸ்போர்ட் காப்பியும் நான்கு போட்டோவும் கேட்டான். கௌஸ் முகைதீன் கொடுத்துவிட்டு, படிவத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். துப்புரவுப் பணியாளர்.

விசா மாற்ற நாட்டைவிட்டு வெளியே போய்வர வேண்டும் என்பதால் ஜுலைஹா ஈரானியத் தீவு ஒன்றுக்குப் போய் ஆறு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஊருக்குக் கட்டிய பெட்டியைப் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"எழுதுற வேல கேட்டோம், தொடைக்கிற வேல குடுத்திருக்காரு," என்றார் கௌஸ் முகைதீன். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"கழுவுறதுலதான அக்கா தெறமையக் காட்டுனாக," என்றான் கடைக்கு பீடி வாங்க வந்த சேதுபதி. "அர்பாப் ஆளப் பாத்துத்தான் போட்டிருக்காரு."

"ஒங்களுக்கு இனிமே பீடி கெடையாது, போங்க," என்றாள் ஜுலைஹா.

மறுநாள் ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள். தண்ணீர் பிடிக்க அதே பேசினைத்தான் கொடுத்தார்கள். முதலில் தரை, பிறகு சன்னல், கடைசியில் கண்ணாடிப் பெட்டிகள். வெறும் ஓடு இருந்த பெட்டியைத் துடைக்கும்போது அறையில் யாரும் இல்லை. பெரிதாக்கிய படத்தில் மேலே வாத்தியாரின் வரி, கீழே சரிந்து போகும் நான்கு. ஜுலைஹா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொல்லையில் சேதுபதிக்குக் கேட்கிற குரலில், ஐந்து வரியையும் ஒருதரம் ஓதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.